நான்கு தாள்கள் சந்திக்கும் இடம்

மதுரை மாவட்டத்தின் நில வரைபடத்தை விரித்துப் பார்க்க ஒரு தாள் போதாது. சோழவந்தானுக்கும் சமயநல்லூருக்கும் நடுவே எங்கோ ஒரு வயல் வரப்பில் 10 டிகிரி வடக்கு அட்சக்கோடும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடும் வெட்டிக்கொள்கின்றன. இந்திய நில அளவைத் துறை தன் 1:50,000 தாள்களைப் பிரிப்பது இப்படிப்பட்ட கோடுகளில்தான். ஆகவே மீனாட்சியம்மன் கோயில் 58 கே 1 என்ற தாளில் இருக்கிறது. அலங்காநல்லூர் 58 ஜே 4. சோழவந்தானும் வாடிப்பட்டியும் 58 எஃப் 16. உசிலம்பட்டி 58 ஜி 13. அரைமணி நேர பஸ் பயணத்தில் நான்கு தாள்களைத் தொட்டுவிடலாம். பாறை வரைபடங்களைத் தயாரிக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் (1851இல் தொடங்கியது) இதே சட்டகத்தின் மேல்தான் வண்ணம் தீட்டுகிறது.

இந்த நான்கையும் ஒட்டி ஒருமுறை என் வீட்டுத் தரையில் விரித்தேன். இரண்டு ஆள் படுக்கும் அகலம் வந்தது. ஊரில் இதுவரை நடந்த மண், கல், தண்ணீர்ச் சண்டைகளில் பல அதற்குள் இருந்தன. ஆனால் எந்தச் சண்டையையும் அந்தத் தாள்கள் தீர்த்துவைத்ததில்லை. காரணம் தாளின் குறையா, அதைப் படிக்கும் முறையின் குறையா என்பதுதான் நான் இங்கே பேச வந்தது. படிக்கும் முறை என்பதே என் எண்ணம். வளத்துக்கு ஒரு வரைபடம், ஆபத்துக்கு வேறொரு வரைபடம் என்று இரண்டு அலுவலகங்களில் இரண்டு பீரோக்களில் வைத்திருக்கிறோம். மதுரைச் சீமையில் இரண்டும் ஒரே பாறையிலிருந்துதான் வருகின்றன.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 1:50,000 என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் இரண்டு சென்டிமீட்டர். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோடே தரையில் 25 மீட்டரைத் தின்றுவிடும். நீங்கள் வாங்கப்போகும் மூன்று சென்ட் மனை அந்தத் தாளில் கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. ‘அரசாங்க மேப்பிலேயே இது நல்ல மண் என்று இருக்கிறது’ என்று மனை விற்பவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அந்தத் தாள் அவருடைய மனையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, தாளில் என்ன இருக்கிறது? பெரும்பகுதி பழைய, கெட்டியான, வெந்த பாறை. பாலக்காடு – காவிரிப் பிளவு மண்டலத்துக்குத் தெற்கே, அச்சன்கோவில் மண்டலத்துக்கு வடக்கே உள்ள நிலத்தை உலகெங்கும் உள்ள புவியியலாளர்கள் ‘மதுரைப் பாளம்’ என்றே அழைக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா ஆகியவற்றோடு இந்த நிலமும் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டியபோது, இன்று நாம் மிதித்து நடக்கும் கல் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. பழனி மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டிப் பாறைகள் 900 டிகிரிக்கு மேல் சூடேறியதற்கான தடயத்தைத் தங்கள் கனிமங்களில் இன்னும் வைத்திருக்கின்றன. மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை அரித்துப் போய், அடியில் இருந்தது மேலே வந்து, வெயில் காய்கிறது. யானைமலை அப்படி வெளியே வந்த ஒரு அடிப்பகுதி.

இந்தப் பாறைகளில் சிலவற்றுக்கு சார்னக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் 1693இல் இறந்த ஜாப் சார்னக்கின் கல்லறையை மூடியிருந்த பலகைக் கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலண்ட் சூட்டியது. அந்தக் கல் போனது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. நம் ஊர்க் கல், வெள்ளைக்காரர் பெயரில் உலகம் சுற்றுகிறது. இது நிற்க.

இந்த வெந்த பாறைகளுக்குள் பழைய கடலடி வண்டலும் கலந்திருக்கிறது. சிவகங்கையில் வெட்டி எடுக்கப்படும் கிராஃபைட், ஒரு காலத்தில் வண்டலில் புதைந்த உயிர்ப்பொருளின் கரி. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லும் அப்படி உருமாறிய வண்டலே. பென்சிலும் சிமெண்டும் பழைய கடலடியிலிருந்து வருகின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

கெட்டிப் பாறையின் முதல் விளைவு தண்ணீர்ப் பஞ்சம். மணல் நிலத்தில் தண்ணீர் பஞ்சில் ஊறுவதுபோல் எங்கும் ஊறி நிற்கும். இங்கே பாறை ஊறாது. மேலே மக்கிய பகுதியிலும், அடியில் பாறை வெடித்த இடுக்குகளிலும்தான் தண்ணீர். மேலூருக்கு மேற்கே ஒரு கிணற்றை ஆழப்படுத்தும்போது அருகில் நின்று பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண், அதன்கீழ் சரளை, பிறகு விரலால் நிமிண்டினால் உதிரும் சுக்காம்பாறை, அதற்கும் கீழே கடப்பாறை பட்டால் மணியடிப்பதுபோல் ஒலிக்கும் கருங்கல். கருங்கல்லின் முகத்தில் கிழக்கு மேற்காக ஒரு முழம் நீளத்துக்கு ஈரக்கோடு. அதில் மட்டும் பாசி. கிணறு வெட்ட வந்த பெரியவரிடம் இன்னும் எத்தனை அடி போக வேண்டும் என்று கேட்டேன். “அடியைக் கேட்காதீர்கள் தம்பி, அந்த வெடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்” என்றார். அவர் சொன்ன சாய்வைத்தான் புவியியல் மாணவர் காம்பஸ் வைத்து அளந்து, தாளில் சின்னக் குறியாகப் போடுகிறார். ஒரு வட்டாரத்தின் நூறு கிணறுகளில் இந்தச் சாய்வைக் குறித்தால் நிலத்தடி நீர் எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்துவிடும். திறந்த கிணறு என்பது பூமிக்குள் பார்க்கும் ஜன்னல். நாம் அவற்றில் குப்பையைப் போட்டு மூடிவிட்டு, ஆயிரம் அடிக்குக் குருட்டுத்தனமாகப் போர் போடுகிறோம்.

வெடிப்பில் இருக்கும் தண்ணீர் வளம் என்றால், அதே வெடிப்பில் இருப்பது ஆபத்தும்தான். இந்தப் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் கொஞ்சம் ஃபுளோரைடை வைத்திருக்கின்றன. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் உறவாடுகிறதோ அவ்வளவு ஃபுளோரைடு கரையும். மழை பெய்த மாதமே ஊறும் மேல்மட்டக் கிணற்றில் அது குறைவு. ஆழத்தில் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்த தண்ணீரில் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லில் தெரியும் பழுப்புப் பட்டை இந்தக் கணக்கின் மறுபக்கம். ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்துவிட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் அதிகாரியின் வரைபடத்தில் போர் ஒரு நீலப் புள்ளி. மருத்துவரின் வரைபடம் ஒன்று இருந்தால், அதே புள்ளிகளில் சிலவற்றை அவர் சிவப்பால் வட்டமிடுவார்.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பகுதியில் கதை வேறு. 1895இல் அணை முடிந்து, மேற்கே ஓட வேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. பேரணையில் பிரியும் பிரதான கால்வாயில் தண்ணீர் போகும் மாதங்களில் கரையோரக் கிணறுகளும் தாமாக ஏறுகின்றன. ஆகவே மேலூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பாறையை மட்டும் பார்த்துக் கணிக்க முடியாது. கேரள எல்லையில் பெய்யும் மழையையும் பார்க்க வேண்டும்.

இனி கரிசல். திருமங்கலம் தாண்டித் தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் செம்மண் மறைந்து கறுப்பு மண் விரிகிறது. கரிசல் என்றால் எரிமலைப் பாறை மக்கியது என்று பள்ளியில் படித்திருப்போம். தக்காணத்துக்கு அது சரி. திருமங்கலத்தில் எரிமலைப் பாறை கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் இரும்பு, மக்னீசியக் கனிமங்களும் உள்ள பழைய பாறை, தண்ணீர் வடியாத சமதளத்தில் மக்கும்போது அங்கேயும் அதே வகைக் களிமண் உண்டாகிறது. அந்தக் களிமண்ணின் துகள்கள் தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தை மாதக் கணக்கில் பிடித்து வைப்பதால்தான் மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளைகின்றன. சித்திரையில் காலை விட்டால் கணுக்கால் வரை இறங்கும் அளவுக்கு வெடிப்பதும் அதே குணத்தால்தான்.

எங்கள் உறவினர் ஒருவர் அந்தக் கரிசலில் வீடு கட்டினார். மேஸ்திரி, நகரத்தில் போடும் அதே ஆழத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் கோடையில் சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல். வைகாசியில் அதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு நுழையவில்லை. அந்த வீட்டு அத்தை அதில் சிமெண்ட் பூசினார். அடுத்த கோடையில் சிமெண்ட் தனியாக விழுந்தது. வீடு மூச்சு விடுவதுபோல் இருக்கிறது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். உண்மையில் மூச்சு விடுவது மண்தான். மண் அசையாத ஆழம் வரை குத்துத்தூண் இறக்கி, அடியில் குமிழ்போல் அகட்டி, அதன்மேல் கட்டும் முறை பல காலமாக இருக்கிறது. அந்த உறவினரின் மனைப் பட்டாவில் ‘மானாவாரி’ என்று இருந்தது. அதை ஒரு எச்சரிக்கையாக வாசிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருவாய்த்துறையின் பழைய மண் வகைப்பாட்டில் கரிசல், செவல் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வரி போடுவதற்காக எழுதியது என்பதால் வீடு கட்டுகிறவர் அதைப் புரட்டுவதில்லை.

நகருக்குள் வந்தால் பெயர்களே வரைபடம். தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் உலகநேரி. குளம், ஏரி என்று முடியும் இத்தனை பெயர்களில் எத்தனையில் இன்று தண்ணீரைப் பார்க்கிறீர்கள்? மதுரைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில், அதிலும் சில மாலைப்பொழுதுகளில் கொட்டித் தீர்த்துவிடும். அடியில் பாறை, மண் சீக்கிரம் நிறைந்துவிடும், மிச்சத் தண்ணீர் ஓடத்தான் வேண்டும். அதை ஓடவிடாமல் படிப்படியாகப் பிடிக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு கண்மாய்ச் சங்கிலி. ஒன்றின் கலுங்கு, அதாவது மிகைநீர் வெளியேறும் வாய், வழிந்தால் அதுவே அடுத்ததன் வரத்துக்கால். சாத்தையாறு வழியாகச் செல்லூர்க் கண்மாய், அது நிறைந்தால் பந்தல்குடிக் கால்வாய், கடைசியில் வைகை. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டரை நெருங்கிய மழை கொட்டியபோது, தண்ணீர் இதே பழைய பாதையில்தான் வந்தது. பாதையில் செல்லூர் வீடுகள் இருந்தன. மறுநாள் எல்லோரும் மேகவெடிப்பைப் பற்றிப் பேசினார்கள். கலுங்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேரிடர் மேலாண்மைக்கு என்று புதிதாகச் செயற்கைக்கோள் வரைபடம் தயாரிப்பது நல்ல காரியம்தான். ஆனால் செல்லூருக்கு வெள்ள வரைபடம் வேண்டுமென்றால் பொதுப்பணித்துறையின் கண்மாய்ப் பதிவேட்டை எடுத்து, வரத்துக்கால்களை இன்றைய தெருக்களின் மேல் பென்சிலால் வரைந்தாலே முக்கால்வாசி வந்துவிடும்.

நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2002ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம், அதாவது அந்த வரைபடத்தின் மிகக் குறைந்த பிரிவு. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏற்பட்ட நடுக்கம் போன்றவை தென்னகம் முழுக்கவே அமைதியானதல்ல என்று காட்டினாலும், மதுரைக்காரர் தூக்கத்தைத் தொலைக்க வேண்டிய விஷயம் இதுவல்ல.

தூக்கத்தைத் தொலைத்தது கல். மேலூர் வட்டாரத்துக் கீழவளவு, கீழையூர்ப் பக்கம் வெட்டப்படும் வெளிர்நிறக் கல்லில் சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் தெறித்திருக்கும். சந்தையில் அதற்குப் பெயர் ‘காஷ்மீர் ஒயிட் கிரானைட்’. அது காஷ்மீரும் இல்லை, புவியியலாளர் கண்ணில் சரியான கிரானைட்டும் இல்லை. ஆழத்தில் வெந்து உருமாறிய கல். வெடிப்பு குறைவாக, பாளம் பாளமாக வருவதால்தான் அதற்கு விலை. அந்த வெடிப்பில்லாத தன்மைதான் அதைத் தண்ணீருக்கு உதவாததாகவும் ஆக்குகிறது. சுற்றியுள்ள வெடிப்புள்ள பாறையில் ஊறும் நீர் குவாரிப் பள்ளத்துக்குள் வடிந்துவிட்டால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். பள்ளம் கைவிடப்பட்ட பிறகு மழைநீர் தேங்கி, செங்குத்தான சுவர்களோடு குளமாக நிற்கும்; குளிக்க இறங்கிய பிள்ளைகள் மேலேற வழியில்லாமல் மூழ்கிய செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். 2012இல் வெளிச்சத்துக்கு வந்த கிரானைட் முறைகேட்டையும், 2014இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்ததையும், அவர் 2015இல் கொடுத்த அறிக்கையையும் ஊர் அறியும். பணக்கணக்கைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எத்தனை பள்ளங்கள், எவ்வளவு ஆழம், எந்தக் கண்மாயின் வரத்தை எந்தக் கழிவுக்கல் குவியல் மறிக்கிறது என்ற ஒரு எளிய தாள் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தொங்கினால் எவ்வளவு பயன்!

சட்டத்தின் கண்ணில் கிரானைட் ‘சிறு கனிமம்’, மாநிலத்தின் பொறுப்பு. தங்ஸ்டன் அப்படியில்லை. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு மட்டும் கொடுத்தது; தங்ஸ்டன் அதில் ஒன்று. 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் உலோகம். துளையிடும் கருவி முதல் பீரங்கிக் குண்டு வரை தேவை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் ஏலம் போய், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. தொகுதி என்பது தாளில் சில புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்த ஒரு பலகோணம். தரையில் அந்தப் பலகோணத்துக்குள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் இருந்தன. 2022 நவம்பரில்தான் அங்கே சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்திருந்தது. 72 ஏரிகளும் 200 இயற்கை ஊற்றுகளும் உண்டு என்று அந்த அறிவிப்பே சொன்னது.

அந்த ஊற்றுகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேல்சுமை நீங்கியதால் குன்றின் பாறை வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து வெடிக்கிறது. மழைநீர் அந்த அடுக்குகளுக்கு நடுவே இறங்கி, அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. அதே உரிவுதான் சமணத் துறவிகள் தங்கிய புடவுகளையும் உண்டாக்கியது. மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழிக் கல்வெட்டு இருக்கும் குகைத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். குகையின் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். பாறை முகத்தில் வழியும் மழைநீர் உள்ளே திரும்பாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை வெட்டியவருக்கு அந்தப் பாறையில் தண்ணீர் எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. பலகோணம் வரைந்தவர் அதைப் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுவதும் முழு நியாயமில்லை. அவர் கையில் இருந்தது கனிமத் தாள், அதில் சுனைக்குக் குறியீடே கிடையாது.

கனிமத் தேடலைத் தூற்ற எனக்கு விருப்பமில்லை. நாடு முழுவதையும் சதுரங்களாகப் பிரித்து, ஓடை வண்டலைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சலித்து, எந்தத் தனிமம் எங்கே கூடுகிறது என்று புவியியல் ஆய்வுத் துறை பார்த்து வருவது அருமையான வேலை. ஓர் ஓடையின் மண்ணில் தங்ஸ்டன் கூடினால் மேலே ஏதோ பாறையில் அது இருக்கிறது. இரவில் புற ஊதா விளக்கோடு போனால் ஷீலைட் என்ற அதன் கனிமம் நீலவெண்மையாக ஒளிரும். தேடுவது ஒன்று, தோண்டுவது வேறு. இடையில் போட வேண்டிய தாள்களைப் போடாமல் ஏலத்துக்குத் தாவியதுதான் கோளாறு. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அந்த மார்கழியில் மேலூர்ப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் போயிருந்தேன். தொகுதியின் வரைபடத்தை யாரோ நகலெடுத்து மேசைமேல் விரித்திருந்தார்கள். நகலெடுத்ததில் எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. முதலில் எல்லோரும் அதில் தங்கள் கோயிலைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தன் ஊர்க் கண்மாய்களைப் போடத் தொடங்கினார். நான்காவது கண்மாய்க்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவர், “மாமா, மடை வடக்கே இல்லை, கிழக்கே” என்றார். பெரியவர் யோசித்து, நாக்கில் விரலைத் தொட்டு அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் திருத்திப் போட்டார். டீ ஆறிப்போயிருந்தது.